ஸ்ப்ரிங் முதலில், கிளிக் அப்புறம்

வாசகர் கேள்வி பதில்: அட்வென்ச்சர் பைக்கின் பின் ஷாக்

போன இதழில், பின் ஷாக்கின் அமிழ்வை வீட்டிலேயே அளப்பது எப்படி என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பைக்காரர்கள் சேக் (sag) என்று சொல்வது அதைத்தான்: எடை ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு. பின் அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடம்பில் ஒரு புள்ளிவரை மூன்று முறை அளக்க வேண்டும்: சக்கரம் தொங்கும்போது, வண்டி தனியாக நிற்கும்போது, ஆள் ஏறிய பிறகு. அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், இத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்தார்களா என்று ஆச்சரியமாக இருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்கப் பின் ஷாக்தான். முன் ஃபோர்க் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஹிமாலயன் 450 ஓட்டுகிறேன். ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டால் நான் 102 கிலோ. பின்னால் 22 கிலோ லக்கேஜ். ஜூலையில் இமாச்சலத்தில் ஸ்பிதி போகிறோம். மண்ரோட்டில் பள்ளம் வந்தால் பின்பக்கம் டங்கென்று அடிவாங்குகிறது. மெக்கானிக் ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் காலரை) கடைசிவரை முறுக்கிவிட்டார். இப்போது ஸ்பீட் பிரேக்கரில் தூக்கியும் அடிக்கிறது. நீங்கள் எழுதியபடி அளந்தேன். சக்கரம் தொங்கும்போது 612, வண்டி மட்டும் நிற்கும்போது 603, லக்கேஜோடு நான் ஏறினால் 529 மில்லிமீட்டர். புது ஷாக் வாங்குவதா, இருப்பதையே மாற்றுவதா? (ஈரோடு வாசகர்)

பதில்: அளந்துவிட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு முதலிடம். வருகிற கடிதங்களில் பாதி ‘ஷாக் சரியில்லை, என்ன செய்யலாம்’ என்று மட்டும்தான் இருக்கும்.

உங்கள் மூன்று எண்களிலேயே விஷயம் இருக்கிறது. வண்டி தன் எடையில் 9 மி.மீ. அமிழ்கிறது. நீங்களும் லக்கேஜும் ஏறினால் 83. இந்த வண்டியில் பின் சக்கரத்தின் மொத்த ஓட்டம், அதாவது அது மேலும் கீழும் நகரும் தூரம், 200 மி.மீ. ஆள் ஏறிய நிலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு, 60 முதல் 66 வரை அமிழ்ந்தால் சரி. உங்களுக்கு 41 சதவீதம் போய்விட்டது. பள்ளம் வருவதற்கு முன்பே பாதி ஷாக் செலவாகிவிட்டால் டங்கென்று அடிக்காமல் என்ன செய்யும்?

இனி அந்த 9-ஐப் பாருங்கள். வண்டி தனியாக நிற்கும்போது அமிழ்வு மிகக் குறைவு, ஆள் ஏறியதும் மிக அதிகம் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்ப்ரிங் சாஃப்ட் என்று அர்த்தம். ப்ரீலோடை முறுக்கி முறுக்கித்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, ஆளோடு பார்த்தால் கணக்குச் சரி, ஆனால் வண்டி தனியாகவே 40, 45 அமிழ்கிறது என்றால் ஸ்ப்ரிங் உங்களுக்கு ஹார்டு. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வண்டியைக் கையால் அழுத்திப் பார்த்து, ‘அசையவே இல்லை, கல்லு மாதிரி இருக்கு’ என்று மேலும் சாஃப்டான ஸ்ப்ரிங் தேடுவார்கள்.

ப்ரீலோடை முறுக்கினால் ஸ்ப்ரிங் ஹார்டு ஆகாது. ஒரு மில்லிமீட்டர் அழுத்த 85 நியூட்டன் கேட்கும் ஸ்ப்ரிங், காலரை எவ்வளவு இறக்கினாலும் அடுத்த மில்லிமீட்டருக்கும் அதே 85-தான் கேட்கும். மாறுவது வண்டி நிற்கும் உயரம் மட்டுமே. உங்கள் மெக்கானிக் உயரத்தைத் தூக்கியதில், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் போய்விட்டது. ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டியதும் ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு முட்டுகிறது. உங்களைத் தூக்கி அடிப்பது அதுதான்.

சரி, எவ்வளவு ஹார்டு வேண்டும்? இதற்கு ஒரு எடை மேடை தேவை. பழைய இரும்புக் கடையில் இருப்பதே போதும். முன் சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, பின் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி, காலி வண்டியாக ஒரு முறை, லக்கேஜோடு நீங்கள் உட்கார்ந்து ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். நீங்கள் அந்த எண்ணை அனுப்பவில்லை. ஏறுகிற 124 கிலோவில் சுமார் 90 பின் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன், நிறுத்த பிறகு திருத்திக்கொள்ளுங்கள். 90 கிலோ என்றால் 883 நியூட்டன். அது வண்டியை 74 மி.மீ. இறக்கியிருக்கிறது. ஆக, சக்கரத்தின் இடத்தில் இப்போது மில்லிமீட்டருக்கு 12 நியூட்டன்.

நமக்கு வேண்டியது, காலி வண்டி 10 மி.மீ., முழுச் சுமையோடு 66. இடையில் 56. அதே 883-ஐ 56-ஆல் வகுத்தால் 15.8 வருகிறது. இப்போது இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு ஹார்டு. காலி வண்டிக்கு 10 போதுமா என்று கேட்பீர்கள். லக்கேஜ் கட்டி, ஆள் இல்லாமல் நிறுத்தினால் 25 வரும், அது சரியான அளவு. உங்கள் வண்டி இந்தப் பயணத்தில் ஓடப்போவது லக்கேஜோடுதானே.

இந்த 15.8 சக்கரத்தின் இடத்தில் உள்ள கணக்கு. ஷாக்கின் இடத்துக்குக் கொண்டுபோக, சக்கரம் எவ்வளவு நகர்ந்தால் ஷாக் எவ்வளவு நகர்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மாட்டுங்கள். சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஜாக்கியால் தூக்கி, ஒவ்வொரு முறையும் ஷாக்கின் இரண்டு கண் துளைகளுக்கு இடையிலான நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹிமாலயனில் சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் இடையே லிங்கேஜ் என்ற நெம்புகோல் இணைப்பு இருப்பதால் இந்த விகிதம் போகப் போக மாறும். ஆனால் ஸ்ப்ரிங்கைத் தேர்ந்தெடுக்கச் சராசரியே போதும். உதாரணத்துக்கு, சக்கரம் 200 நகரும்போது ஷாக் 75 நகர்ந்தால் விகிதம் 2.67. இதை ஒரு முறை பெருக்கினால் போதாது, வர்க்கமாக்கிப் பெருக்க வேண்டும். ஷாக்குக்கு வரும் பலம் 2.67 மடங்கு கூடுகிறது, அது நகரும் தூரமோ 2.67 மடங்கு குறைகிறது, இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. வர்க்கம் 7.1. அப்படியானால் இப்போது உள்ள ஸ்ப்ரிங் சுமார் 85 நியூட்டன், வேண்டியது 112.

கடையில் 110 என்று எழுதிய ஸ்ப்ரிங் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. கிடைக்காமல் சுற்றித் தரச் சொல்கிறீர்கள் என்றால், கம்பியின் தடிமன்மேல் கண்ணாக இருங்கள். ஸ்ப்ரிங்கின் பலம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். சுருளின் நடுவிட்டம் 70 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 6 என்று வைத்துக்கொண்டால், 11.5 மி.மீ. கம்பிக்கு 83 நியூட்டன், 12-க்கு 99, 12.5-க்கு 116. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பதினெட்டு, பத்தொன்பது சதவீதம் போகிறது. ‘பன்னெண்டுதான் சார் ஸ்டாக் இருக்கு, கிட்டத்தட்ட ஒண்ணுதான்’ என்று கடைக்காரர் சொன்னால், அதற்கு ஏற்பச் சுற்றைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். முழுவதும் அழுந்தும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 12.5 கம்பியில் முனைச் சுற்றுகளையும் சேர்த்து மொத்தம் 8 சுற்று என்றால் அதுவே 100 மி.மீ. ஷாக்கின் ஓட்டம் 75, ப்ரீலோட் 15, கொஞ்சம் இடைவெளி. 195-க்குக் குறைந்த நீளத்தில் சுற்றினால் தகராறுதான். சுற்றிய பிறகு சூடேற்றிப் பதப்படுத்தி, முழுவதும் அழுத்தி எடுத்து, சின்ன இரும்புக் குண்டுகளால் மேற்பரப்பை அடித்துத் (ஷாட் பீனிங்) தருகிறார்களா என்றும் கேளுங்கள். அதையெல்லாம் செய்யாத ஸ்ப்ரிங், மணாலி போய்ச் சேர்வதற்குள் ஒரு சென்டிமீட்டர் சுருங்கிவிடும்.

இனி ரீபவுண்ட், அதாவது அழுந்திய ஷாக் திரும்பி நீளும்போது அதைப் பிடிக்கும் தடை. ஹார்டான ஸ்ப்ரிங் திரும்பி வரும்போது அதிக வேகத்தில் வரும், அதைப் பிடிக்க அதிகத் தடை வேண்டும். ஸ்ப்ரிங் கூடிய அளவுக்கு அல்ல, அதன் வர்க்கமூலம் அளவுக்கு. 85-இலிருந்து 112 என்றால் ரீபவுண்ட் தடை சுமார் 15 சதவீதம் கூடினால் போதும். கம்ப்ரெஷனை, அதாவது அழுந்தும்போது வரும் தடையை, முதலில் தொடாதீர்கள்.

இருக்கிற ஷாக்கையே திறந்து வேலை பார்க்க முடியுமா என்பது அதன் உடம்பைப் பொறுத்தது. சீல் தலை, அதாவது ஷாக்கின் தண்டு (ஷாஃப்ட்) நுழையும் மூடி, சர்க்ளிப் என்ற கழற்றக்கூடிய வளையத்தில் நிற்கிறது, நைட்ரஜன் ஏற்ற வால்வு இருக்கிறது என்றால் திறக்கலாம். விளிம்பை மடித்து அடைத்த ஷாக்கை அறுத்து, வெல்டு வைத்து மூடித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அப்படிப்பட்ட ஷாக் என்றால், திறந்து சர்வீஸ் செய்யக்கூடிய வேறொன்றை வாங்குவதே மேல். ஆர்டர் செய்யும்போது உங்கள் எடையையும் லக்கேஜ் எடையையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் இடத்தில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்பிதி போகும் வழியில் கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை உள்ள பாறைப் பாதையில் புது ஷாக்கை முதன்முதலாகச் சோதிக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஜூன் மாதத்திலேயே மாட்டி, முழு லக்கேஜும் கட்டி, கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறி இறங்குங்கள். ஏதாவது கரடுமுரடான மண்ரோட்டையும் பாருங்கள். ஷாஃப்ட்டில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் மாட்டிவைத்தால் எவ்வளவு தூரம் அழுந்தியது என்று அது காட்டும். நாள் முழுக்க ஓட்டியதில் ஓரிரு முறை மட்டும் ஓட்டத்தின் முடிவில் உள்ள தடுப்பு ரப்பரைத் தொட்டிருந்தால் நல்லது. தொடவே இல்லை என்றால் கொடுத்த காசில் கொஞ்சம் வீண்.

கேள்வி: ஹை ஸ்பீட் கம்ப்ரெஷன் திருகை ஹைவேயில் போகும்போது முறுக்கி, ஊருக்குள் தளர்த்திவிட வேண்டுமா அண்ணா? (மதுரை கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை தம்பி. அது வண்டியின் வேகம் அல்ல, ஷாஃப்ட்டின் வேகம். நூறில் போய்க்கொண்டே மெதுவாக ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஷாஃப்ட் மெதுவாகத்தான் நகரும், அது லோ ஸ்பீட். இருபதில் போய் ஒரு கூர்மையான கல்லில் மோதினால் அது ஹை ஸ்பீட். திராட்டிலைத் திருகும்போது பின்பக்கம் குந்துவது, பிரேக் பிடிக்கும்போது எழும்புவது எல்லாம் லோ ஸ்பீட் பக்கம். கல், விளிம்பு உடைந்த குழி, பாலத்தின் இணைப்பு எல்லாம் ஹை ஸ்பீட் பக்கம்.

கேள்வி: 390 அட்வென்ச்சர். ரீபவுண்ட் திருகு உள்ள ஷாக். பின்பக்கம் ஆடாமல் இருக்கட்டும் என்று ரீபவுண்டை முழுக்க மூடிவிட்டேன். ரோட்டில் நன்றாக இருக்கிறது. ஆனால் வரிவரியாக மேடுபள்ளம் உள்ள மண்பாதையில் போகப் போகக் கட்டையாகிவிடுகிறது. ஷாக் போய்விட்டதா? (ஓசூர் வாசகர்)

பதில்: ஷாக் போகவில்லை, அதை மூச்சுவிட நீங்கள் விடவில்லை. ரீபவுண்டை முழுக்க மூடினால், ஒரு மேட்டில் அழுந்திய ஷாக் திரும்பி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அதன்மேல் இன்னொன்று. நாலைந்து மேட்டில் ஷாக் கீழேயே உட்கார்ந்துவிடும். முதல் மேடு மெத்தென்று இருந்து ஐந்தாவது மேடு முதுகில் அடித்தால் ரீபவுண்ட் மெதுவு. முதல் மேடே அடித்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

திருகை முழுக்க மூடிய இடத்தைச் சுழியமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து திறக்கும் கிளிக்குகளை எண்ணுங்கள். திறந்த பக்கத்திலிருந்து எண்ணாதீர்கள், அந்தக் கடைசி இடம் ஒவ்வொரு ஷாக்கிலும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். பாதி கிளிக் வரை திறந்து அதே பாதையில் ஓட்டுங்கள். பின்பக்கம் துள்ளினால் இரண்டு மூடுங்கள், கட்டையானால் இரண்டு திறங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதுங்கள். ரீபவுண்டையும் ப்ரீலோடையும் டயர் காற்றையும் ஒரே டீக்கடை நிறுத்தத்தில் மாற்றிவிட்டு ‘இப்போ சூப்பர்’ என்று வருகிறவர்களுக்கு, எதனால் சூப்பர் ஆனது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி: கோவை சிட்கோவில் லேத் கடை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட் கடைந்து பழக்கம். என் சொந்த வண்டிக்கு ஒரு ஷாக்கை முழுவதும் நானே செய்து பார்க்க ஆசை. எங்கே தடுக்கும்? (கோவை வாசகர்)

பதில்: ஊர்க்காரர் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேத்தில் கை சுத்தமாக இருப்பவருக்கு உடம்பும் கண் துளைத் தலைகளும் ரிசர்வாயரும் பெரிய விஷயமே இல்லை. தடுக்கும் இடங்கள் வேறு.

முதலாவது ஷாஃப்ட். 16 மி.மீ. ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். ஹார்டு குரோம் போட்டால் மட்டும் போதாது. குரோம் போட்ட பின் கிரைண்டிங், அதன் பின் பாலிஷ். நகத்தால் உரசினால் எதுவும் தட்டக்கூடாது. பம்ப் ஷாஃப்ட் சீலுக்குள் சுழலும், இது சீலுக்குள் முன்னும் பின்னும் போய்வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நீளக் கீறல் போதும், ஒவ்வொரு ஓட்டத்திலும் துளித் துளியாக எண்ணெயை வெளியே கொண்டுவந்துவிடும். சீலையும் பிஸ்டன் பட்டையையும் நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். நல்ல ஷாக்குக்கான உதிரியாகவே வாங்கி, அதன் அளவுக்கு உங்கள் பள்ளத்தைக் கடையுங்கள்.

இரண்டாவது, எண்ணெய் போகும் இடம். அந்த 16 மி.மீ. ஷாஃப்ட் 75 மி.மீ. உள்ளே நுழைந்தால் 15 மில்லி எண்ணெயை இடம்பெயர்க்கும். எண்ணெய் அழுந்தாது, அது எங்காவது போக வேண்டும். அதற்காகத்தான் ரிசர்வாயரும், அதற்குள் எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டனும். ரிசர்வாயரின் உள்விட்டம் 40 மி.மீ. என்றால் அந்தப் பிஸ்டன் 12 மி.மீ. நகரும். அது நகர இடமில்லாத ஆழத்தில் வைத்து மூடிவிட்டால், முழுவதும் அழுந்தும் நேரத்தில் ஷாக் கல்லாகிச் சீல் தலையையே பிடுங்கிவிடும். ரொம்ப இடம் விட்டால் எண்ணெயின் அளவு குறைந்துபோகும். நைட்ரஜன் பகுதி 40 மி.மீ. நீளம், அழுத்தம் 10 பார் என்று தொடங்கினால், முழுவதும் அழுந்தும்போது 15 பார் பக்கம் ஏறும். இந்த ஏற்றமும் ஒரு சின்ன ஸ்ப்ரிங் மாதிரியே வேலை செய்யும். அந்த 10 பார் மட்டுமே ஷாஃப்ட்டை 20 கிலோ பலத்தில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், ஸ்ப்ரிங் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, காற்றை வெளியேற்றுவது. எண்ணெயை ஊற்றி, ஷாஃப்ட்டை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை பொறுமையாக உட்கார வேண்டும். ஊசி போடும் முன் நர்ஸ் சிரிஞ்சை மேலே பிடித்துத் தட்டுவாரே, அதே வேலை. வேகமாக அடித்தால் எண்ணெய் நுரைத்துப்போய் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் குமிழி மிஞ்சினாலும் ஓட்டம் திரும்பும் இடத்தில் ஒரு ‘லொடக்’ தெரியும். மூடுவதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஒரு விரல் அளவுக்கு அசைத்துப் பாருங்கள். எங்கேயும் வெற்றிடமாக நகரக்கூடாது.

நான்காவதுதான் உண்மையான வித்தை: ஷிம் அடுக்கு. பிஸ்டனின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய ஸ்ப்ரிங் ஸ்டீல் வட்டுகள், 0.10, 0.15, 0.20 மி.மீ. தடிமனில். எண்ணெய் அவற்றை வளைத்துக்கொண்டு போக வேண்டும், அந்த வளைவுதான் தடை. ஒரு வட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஒரே ஒரு 0.20 வட்டு எட்டு 0.10 வட்டுகளுக்குச் சமம். ஒரு 0.15, மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே மைக்ரோமீட்டர் இல்லாமல் ஷிம்மைத் தொடாதீர்கள். கழற்றும்போது வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள், போட்டோவும் எடுங்கள். முதல் ஷாக்குக்கு நீங்களாக அடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டாம். அதே எடையுள்ள வண்டியின் நல்ல ஷாக் ஒன்றைத் திறந்து, அதன் அடுக்கை அளந்து, அங்கிருந்து ஒவ்வொரு வட்டாக மாற்றிப் பாருங்கள். கிளிக்கர் திருகு ஷாக்கின் நடுவில் ஓடும் ஒரு சின்ன எண்ணெய் வழியைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். அடுக்கு தவறாக இருந்தால் இருபது கிளிக் கொடுத்தாலும் சரியாகாது.

எண்ணெய் வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் 2.5, 5 என்ற எண்களை நம்பி ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறாதீர்கள். ஒருவருடைய 5 இன்னொருவருடைய 7.5 ஆக இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் பிசுபிசுப்பை அளக்கும் அலகு) என்று தகவல் தாளில் பாருங்கள், அந்த எண்தான் ஒப்பிட உதவும்.

ஒரு எச்சரிக்கை. அழுத்தத்தில் இருக்கும் ஷாக்கை, வால்வில் முழுக்க வெளியேற்றாமல் திறக்கவே கூடாது. 10 பார் என்பது பைக் டயரில் இருப்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். சீல் தலை பாய்ந்து வந்தால் எதிரில் இருப்பது உங்கள் முகம்.

கேள்வி: ஷாக்கில் நைட்ரஜன் போடுவது குளுமைக்காகத்தானே? பஞ்சர் கடை நைட்ரஜனே போதுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: குளுமைக்கு அல்ல. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதமும் ஆக்ஸிஜனும் வேண்டாம் என்பதற்காகத்தான் தனியாகப் போடுகிறோம். எண்ணெய் கெடாது, உள்ளே துருப்பிடிக்காது, சூடேறும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறாது. அழுத்தம் எதற்கு என்றால், பிஸ்டன் வேகமாக நகரும்போது அதன் பின்னால் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் நுரைக்காமல் இருக்க. பஞ்சர் கடையில் இவ்வளவு அழுத்தத்துக்கு ஏற்ற மாட்டார்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் உள்ள இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: லடாக்கின் கர்துங் லா கணவாய்க்குப் போகும்போது உயரத்தில் ஷாக்கின் காற்றழுத்தத்தை மாற்ற வேண்டும் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

பதில்: தேவையில்லை. 5,300 மீட்டருக்கு மேலே வெளிக்காற்றின் அழுத்தம் பாதியாகிறது, அதாவது அரை பார் குறைகிறது. 16 மி.மீ. ஷாஃப்ட்டில் அது ஒரு கிலோ வித்தியாசம். உங்கள் தண்ணீர் பாட்டில் அதைவிடக் கனம். அங்கே கவனிக்க வேண்டியது குளிர். விடிகாலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், ஷாக் கட்டையாகத் தெரியும். முதல் கொஞ்ச தூரம் நிதானமாகப் போனால் தானாகச் சூடாகிவிடும். குளிரில் கிளிக்கைத் திறந்துவிட்டு, மதியம் மறந்துபோய் துள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: என் எடை 52 கிலோ, உயரம் 158 செ.மீ. அட்வென்ச்சர் பைக்கில் கால் எட்டவில்லை. லோயரிங் லிங்க் (பின்பக்கத்தைத் தாழ்த்தும் மாற்று லிங்க்) போடலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: முதலில் அமிழ்வை அளந்து பாருங்கள். கம்பெனி ஸ்ப்ரிங் உங்களைவிடக் கனமான ஒருவரை மனதில் வைத்துப் போட்டது. நீங்கள் ஏறினால் மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டிய வண்டி, ஐந்தில் ஒரு பங்குகூட அமிழாமல் நிற்கும். உங்கள் எடைக்குச் சாஃப்டான ஸ்ப்ரிங் போட்டாலே 200 மி.மீ. ஓட்டமுள்ள வண்டியில் இருபது மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். கூடவே வண்டி உங்களுக்காக வேலை செய்யவும் தொடங்கும்.

லிங்க் போடுவது மலிவு, ஆனால் ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்க வண்டி மட்டும் இறங்குவதால், முழுவதும் அழுந்தும்போது டயர் மட்கார்டில் முட்டக்கூடும். நான் சொல்வது, ஷாக்கைத் திறந்து ஷாஃப்ட்டில் ஒரு சின்ன ஸ்பேசர் வைத்து அதன் முழு நீளத்தையே குறைப்பது. ஷாக்கில் 8 மி.மீ. குறைத்தால் பின்பக்கம் சுமார் இருபது இறங்கும், டயர் முட்டாது. ஓட்டம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. பின்னால் இறக்கிய அளவுக்கு ஏற்ப முன் ஃபோர்க்கையும் கிளாம்பில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஹேண்டில் சோம்பேறித்தனமாகத் திரும்பும். சைடு ஸ்டாண்டையும் அறுத்துக் குட்டையாக்க வேண்டும். அதை மறந்தால் நிறுத்தும்போது வண்டி நேராக நின்று மறுபக்கம் சாயும்.

கேள்வி: மோனோஷாக்கை, அதாவது பின்பக்க ஒற்றை ஷாக்கைக் கண்டுபிடித்தவர் யார்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஸ்விங்ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையை, முக்கோணமாகச் செய்து சீட்டுக்கு அடியில் ஸ்ப்ரிங் வைக்கும் எண்ணம் பழையது, 1920-களிலேயே பிரிட்டனின் வின்சென்ட் வண்டிகளில் வந்துவிட்டது. நாம் இன்று பார்க்கும் மோனோஷாக்குக்கு வழி திறந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கன்ஸ் என்ற பொறியாளர். யமஹா அதை வாங்கி மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) வண்டியில் போட்டது. 1973-இல் ஸ்வீடன் வீரர் ஹாகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டத்தை அதில்தான் வென்றார். அதற்குப் பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கேள்வி: ஸ்ப்ரிங் மாற்றியாயிற்று, ஷாக்கையும் சர்வீஸ் செய்தாயிற்று. இன்னும் சின்னச் சின்னக் கல்லெல்லாம் முதுகுக்குத் தெரிகிறது. (தேனி வாசகர்)

பதில்: லிங்கேஜின் ஊசி பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்தீர்களா? மழையிலும் பிரஷர் வாஷிலும் கிரீஸ் போய்த் துருப்பிடித்திருக்கும். சோதனை எளிது. பின்பக்கத்தைக் கையால் தூக்கி மெதுவாக விட்டு ஒரு முறை அளங்கள், அழுத்தி மெதுவாக விட்டு இன்னொரு முறை அளங்கள். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ பிடிக்கிறது. ஷாக்கை லிங்க்கிலிருந்து கழற்றிவிட்டு ஸ்விங்ஆர்மைத் தனியாக ஏற்றி இறக்குங்கள், அப்புறம் லிங்க்கைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள், பிடிக்கும் இடம் கைக்கே தெரியும். அதோடு டயரில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே? கல் ரோட்டில் நாற்பது பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு ஷாக்கைத் திட்டுகிறவர்கள் உண்டு.

அடுத்த இதழில் முன் ஃபோர்க். கேள்வி அனுப்புகிறவர்கள் ரைடிங் உடையோடு உங்கள் எடை, லக்கேஜ் எடை, அந்த மூன்று அளவுகள், கூடவே டயர் காற்று எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள்.